மூன்றாவது பறவை

இந்தக் கதை என்னிடம் இரண்டு கை மாறி வந்தது. திலகவதி ரெஜினாவிடம் சொன்னாள். ரெஜினா என்னிடம் வேடசந்தூர் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபடி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அறுந்து அறுந்து சொன்னாள். இருவரும் திண்டுக்கல்லில் ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவர்கள். விட்டுப்போன இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். நிரப்பியது எது, கேட்டது எது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்ல வராது. ஆனால் பாலமும் பறவையும் நான் சேர்த்தவை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, உள்ளறையில் வீட்டுக்காரர் பாண்டியராஜ் படுத்துவிட்டார், கூடத்து மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக்கென்று சத்தம் போட்டுவிட்டு மேலே சுற்றியது. திலகவதி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தச் சின்ன ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தாள். டிவியில், ஒரு பழைய டிவி கேமுக்குள், மூட்டைக்காரன் நின்றுகொண்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் நிற்பான், பச்சைத் தரையில், முதுகில் ஒரு மூட்டையோடு, வலது பக்கம் பார்த்தபடி. பட்டனை அழுத்துகிற வரைக்கும் அந்த மூட்டை மட்டும் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். அவனுக்கு நிஜப் பேர் ஒன்று இருந்திருக்கும். ஆட்டம் தொடங்கும்போது பெரிய எழுத்தில் அது வரவும் செய்யும். ஆனால் அது ஜப்பான் எழுத்தோ சீன எழுத்தோ, அவள் வளர்ந்த நாகல் நகர்த் தெருவில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒரு காரும் மலையும்தான் இருந்தன, ஆட்டத்துக்குள் காரே கிடையாது, ஆகவே மூட்டைக்காரன். இதை முதலில் ஆடியபோது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு முன்நெற்றியில் நரை வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஆட்டம் கடைசிவரை சொன்னதே இல்லை, அன்றைக்கு அதைப் பற்றி எவ்வளவு சண்டை, தங்கம் என்றான் ஒருத்தன், அழுக்குத் துணி என்றான் இன்னொருத்தன். ஓடு என்றது அவள் பெருவிரல். அவன் ஓடினான்.

சாயங்காலத்துக்குள், பரிசோதனை நிலையத்தை நடத்துகிற ஞானதுரை சாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நேற்று வேலை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு அவர், "திலகா, திங்கக்கிழமையிலேர்ந்து குழந்தைங்க வார்டுல ரத்தம் எடுக்க நம்ம ஆளை அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரியில கேட்டிருக்காங்க. உங்களை விட்டா வேற யாரும்மா இருக்கா நம்மகிட்ட?" என்றார். "நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன் சார்" என்றாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போய்விட்டார். யோசிக்க ஒரு பெருவிரல் இருந்தது. குழந்தைகளுக்கு நரம்பு நூல்போல இருக்கும், பிறந்து கொஞ்ச நாளே ஆனதுகளுக்குக் கண்ணுக்கே தெரியாது, விரல் நுனியால் தடவித் தேடிக் கண்டுபிடித்து, கண்டுபிடித்த இடத்தை விட்டு மனசு நகராமல் ஊசியை இறக்க வேண்டும், மயிரிழை விலகினாலும் அந்தக் குட்டிக் கையில் நீலம் பாரித்துவிடும், பெற்றவள் பார்க்கிற பார்வையை அப்புறம் எங்கே கொண்டுபோய் வைப்பது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது பழகிய வேலை. பழகிய வேலையாக இருந்தது. போன மாதம் ஒரு நாள் காலையில் டீ டம்ளரைப் பிடித்திருந்தபோது வலது பெருவிரலில் என்னவோ சுண்டியது, தோலுக்கு அடியிலிருந்து யாரோ ஒருவர் மெல்லத் தட்டிக் கூப்பிட்டதுபோல. அவ்வளவுதான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலைப் பார்த்தாள், அது ஒன்றும் தெரியாததுபோல இருந்தது. பிறகு வெள்ளிக்கிழமை ஒரு பெரியவருக்கு முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை, இரண்டாவதிலும் கிடைக்கவில்லை, அவர் வலியைக் காட்டிக்கொள்ளாமல், "என்னம்மா, புதுசா சேந்திருக்கியா?" என்று கேட்டார். பக்கத்து மேஜையிலிருந்து ரெஜினா சத்தமாகச் சிரித்துவிட்டு, "ஐயா, எங்களுக்கெல்லாம் கத்துக்குடுத்ததே இந்த அக்காதான். அக்காவுக்கு இன்னிக்குத் தூக்கம் பத்தலை" என்றாள். பெரியவர்களுக்கு நரம்பு நழுவும், தண்ணீர் குடிக்காமல் வந்தால் ஒட்டிக்கிடக்கும், யாருக்கும் நடக்கிறதுதான். யாருக்கும் நடக்கிறதுதான், ஆனால் யாருக்கும் அப்பா மாரியப்பன் கிடையாது.

மூட்டைக்காரன் முதல் பள்ளத்தைத் தாண்டினான். அவளுக்குப் பார்க்கக்கூட வேண்டாம், இங்கே ஒரு பள்ளம், அங்கே முள்ளம்பன்றி, அதன் முதுகில் ஏறாமல் முன்னால் நின்று அது திரும்பும்வரை காத்திருந்து தாவ வேண்டும், பிறகு குகை, குகைக்குள் சொட்டும் தண்ணீர், தண்ணீர் விழுகிற இடத்தில் நிற்கக்கூடாது. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. சொந்த வீட்டிலேகூட வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு மாறிவிட்டது, டிவி கேம் ஆடின வீட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள், தம்பி இளங்கோவுக்குத் தொப்பை விழுந்துவிட்டது, அந்த முள்ளம்பன்றி மட்டும் அதே இடத்தில் அதே அளவு நடந்துவிட்டு அதே இடத்தில் திரும்புகிறது. அதனால்தான் அவளுக்கு இந்த யோசனையே வந்தது. மாறாதது ஒன்றை வைத்துத்தானே மாறினதை அளக்க முடியும். போன தீபாவளிக்கு வந்தபோது தம்பி இளங்கோ இந்தக் குட்டிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். டிவியின் பின்னால் சொருகினால் போதும், பழைய ஆட்டமெல்லாம் ஆயிரக்கணக்கில் உள்ளே இருக்கிறது. அவன் தன் பிள்ளைகளுக்கென்று வாங்கியது. "பாத்துட்டு, என்னப்பா இது கட்டம் கட்டமா இருக்குன்னுட்டுப் போயிருச்சுங்கக்கா. உனக்காவது ஆகும்" என்றான். அவள் அதை அலமாரியில் போட்டு மறந்திருந்தாள். பெருவிரல் சுண்டினதற்கு அடுத்த நாள் எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் கொஞ்ச நேரம், சமையலுக்கு நடுவிலோ துணி காய்கிற நேரத்திலோ, மூட்டைக்காரனை ஓட்டிக்கொண்டு போய் உடையும் பாலத்தில் நிறுத்துகிறாள். இதுவரை தாண்டவில்லை. இன்று ஒரே ஒரு தடவை தாண்டிவிட்டால் கைக்கு ஒன்றுமில்லை, குழந்தைகள் வார்டுக்குப் போகிறேன் என்று சாரிடம் சொல்லிவிடலாம். தாண்டாவிட்டால். அதற்கு மேல் நினைப்பு போகாது, அதே பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றுகொள்ளும்.

பாலம் வந்தது. பலகைகள் கறுப்பு வானத்தில் வரிசையாகத் தொங்கும், கால் வைத்துவிட்டு நின்றால் கீழே விழுந்துவிடும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எதிரே மூன்று பறவை வரும். முதலாவதும் இரண்டாவதும் தலைக்கு மேலே போய்விடும், மூன்றாவது கடைசிப் பலகையில் கால் வைக்கும்போது தாழ இறங்கும், அது இறங்குகிற அதே நேரம் எழும்பினால் அதற்கு மேலாகப் போய் அக்கரையில் விழலாம், முந்தினாலும் பிந்தினாலும் பள்ளம். அந்தத் தெருவில் எந்தப் பையனாலும் அது முடிந்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா வீட்டில் பத்துப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தன் செத்தால் ரிமோட் அடுத்தவன் கைக்குப் போகும், ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைத்து மறுநாள் தொடர வழியில்லை, கரண்ட் போனால் போச்சு, முதலிலிருந்து. பாலம்வரைக்கும் எப்படியோ வந்துவிடுவார்கள். வந்ததும், "ஏய், நிறுத்து நிறுத்து. திலகாவைக் கூப்பிடுங்கடா" என்று குரல் கேட்கும். அவள் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வருவாள், அவளுக்கு வழிவிட்டுக் கூட்டம் விலகும். உட்காரக்கூட மாட்டாள். ஒண்ணு, ரெண்டு, விடு, தாவு. அக்கரை. ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அந்தக் கூட்டத்தில் சிக்கந்தர்தான் ஒரு தடவை அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள ஸ்பிரிங் கிஸ்பிரிங் வச்சிருக்காளாடா இவ?" என்றான். அவள் கையை உதறிக்கொண்டு, "உனக்கு மூளையில வைக்கச் சொல்லு" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். யாரும் அவளை வேறு எதற்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை. படிப்பில் நடுத்தரம், பாட்டு வராது, நிறம் கம்மி என்று அத்தைகள் சொல்வார்கள். ஆனால் ஒரு பாலம் இருந்தது, அதைத் தாண்ட அவள் வேண்டியிருந்தது. பிறகு லேப் படிப்பில் முதன்முதலாக ஊசி பிடித்தபோது அந்தப் பழைய உணர்வுதான் விரலுக்கு வந்தது, எண்ணாமல் எண்ணுவது, சரியான நேரத்துக்கு முன்னாடியே அது சரியான நேரம் என்று கைக்குத் தெரிந்துவிடுவது. ஒண்ணு. ரெண்டு. விடு. மூட்டைக்காரன் பறவையின் மூக்கில் மோதி, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, மூட்டையோடு கீழே போனான்.

இது கணக்கில்லை, மின்விசிறி சத்தம். இதுவும் கணக்கில்லை, கை வேர்த்திருந்தது. செத்தவன் உடனே பச்சைத் தரையில் வந்து நின்றான், மூட்டை ஏறி இறங்கியது, அவன் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை, இன்னொரு தடவை என்றுகூடக் கேட்கவில்லை. இந்த ஆட்டத்தில் அவளுக்குப் பிடித்தது எப்போதும் அதுதான். விழுந்ததற்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். விழுந்த இடமும் ஏன் விழுந்தோம் என்பதும் தெளிவாக இருக்கும், விழுந்தவனுக்குப் பழி வராது, அடி படாது, நடந்ததை மூடி மறைக்க வேண்டியதில்லை. வெளியில் அப்படி எதுவும் இல்லை. அப்பா அரசு பஸ் ஓட்டினார். முதலில் அவருக்கும் இப்படித்தான் ஒரு பெருவிரல், சட்டைப் பொத்தானைப் போட நேரமாகிறது என்று அம்மாதான் கவனித்தாள். கவனித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கோட்டை மாரியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்புப் பூவை ஒரு காகிதத்திலும் மடித்துப் போட்டு, யாரோ ஒரு வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொன்னாள், வெள்ளை வந்தால் ஒன்றுமில்லை. வெள்ளை வந்தது. அம்மா வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தாள். அப்பா அதற்குப் பிறகும் ஓட்டினார், கியர்க் கம்பி நடுங்குவது என்ஜினால் என்று எல்லாரும் நினைத்தார்கள். கடைசியில் ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டுச் சாவியை உருவ வராமல் உட்கார்ந்திருந்தார், கண்டக்டர் வந்து, "விடுங்கண்ணே, நான் எடுக்கிறேன்" என்று எடுத்துக் கொடுத்தார். அதைப் பற்றி அப்பா வீட்டில் வந்து, கண்டக்டர் நல்ல பையன் என்று மட்டும் சொன்னார். மதுரையில் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கொசுவத்திச் சுருள் மாதிரி வரையச் சொன்னார். அப்பா வரைந்தது முள்ளுக்கம்பி மாதிரி வந்தது. பேரை எழுதச் சொன்னார். மாரியப்பன் என்று தொடங்கின எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பாகிவிட்டது. திலகவதிதான் பக்கத்தில் நின்றாள். அதனால் அவள் சுருள் வரைந்து பார்க்கவில்லை, ஒரு தாளில் தன் பேரை எழுதிப் பார்க்கவும் இல்லை, வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போதுகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் போடுகிறாள். பூக்கட்டிப் பார்க்கிறதிலும் நம்பிக்கை இல்லை. பூவுக்கு என்ன தெரியும், எதை எடுத்தாலும் அது வரும். இந்த ஆட்டத்தில் அப்படி அதிர்ஷ்டம் என்பது கிடையாது. பறவை அதன் நேரத்தில் வரும், பள்ளம் அதன் அகலத்தில் இருக்கும், மிச்சம் உள்ளது விரல் ஒன்றுதான்.

போன் அதிர்ந்தது. சாராக இருக்குமோ என்று எடுத்துப் பார்த்தாள், இளங்கோ. "என்னக்கா பண்ற, தூங்கிட்டிருந்தியா?" என்றான். "இல்லடா. நீ குடுத்த பொட்டியில ஆடிட்டிருக்கேன்." "அய்யோ, அதை இன்னுமா வச்சிருக்க? மாமா உன்னைத் திட்டலையா?" "அவரு தூங்குறாரு. டேய், பாலத்துல மூணாவது பறவை இருக்குல்ல, அது எப்பக் கீழ இறங்கும்?" அவன் சிரித்தான். "அதை நீ என்கிட்ட கேக்குறியா? நீதான அதுல கலெக்டரு." "சும்மா சொல்றா. நீ இதுல ஆடிப் பாத்தியா?" "பாத்தேன், பாத்தேன். பாலத்துல போய் பொத்துப் பொத்துன்னு விழுந்தேன். வயசாயிருச்சுக்கா." "நீ எப்படா தாண்டியிருக்க, இப்ப வயசு மேல பழியப் போடுற?" என்றாள், இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்குகிற இடத்தில் அவளுக்கு அது வாய் வரைக்கும் வந்துவிட்டது, டேய், என் கை, என்று தொடங்கினால் போதும், அவன் அப்பாவைப் பார்த்தவன், மேற்கொண்டு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. "டேய்" என்றாள். "சொல்லுக்கா." சொன்னால் அவன் இன்று இரவே சென்னையிலிருந்து பஸ் ஏறிவிடுவான். அப்புறம் மதுரை, அந்த ஆஸ்பத்திரியின் அந்தப் பச்சைச் சுவர், தாள், பேனா. சொல்லாதவரைக்கும் இது ஒரு பெருவிரல் மட்டும்தான். சொன்னால் அதற்கு ஒரு பேர் வந்துவிடும். "ஒண்ணுமில்ல. பிள்ளைங்களைக் கேட்டேன்னு சொல்லு" என்றாள். "அதுங்க போனுக்குள்ள கிடக்குதுங்க, வெளிய வந்ததும் சொல்றேன்" என்று அவன் வைத்துவிட்டான்.

வெயில் சன்னல் கம்பிகளை விட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது. மூட்டைக்காரன் ஓடினான், விழுந்தான், பச்சைத் தரையில் நின்றான், ஓடினான், குகைக்குள் போனான், அவளுக்குக் கண் எரிந்தது, தோள்பட்டையில் ஒரு கல் ஏறி உட்கார்ந்திருந்தது, நிறுத்திவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் விரல் அதுபாட்டுக்கு அடுத்த பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் தாண்டுகிறதே, முள்ளம்பன்றியைத் தாண்டுகிறது, சொட்டுத் தண்ணீரைத் தாண்டுகிறது, அங்கெல்லாம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஆட்டம் பொறுத்துக்கொள்ளும், பாலம் பொறுக்காது, குழந்தையின் நரம்பும் பொறுக்காது. தினமும் ஒவ்வொரு தடவையும் தான் பிந்துகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முந்தவில்லை, பிந்துகிறாள். மனசு தாவு என்கிறது, விரல் அதைக் கேட்டுவிட்டு, ஒரு கண நேரம் யோசித்துவிட்டு, அப்புறம்தான் தாவுகிறது. இடையில் ஒரு சின்னச் சந்து விழுந்திருக்கிறது, மனசுக்கும் விரலுக்கும் நடுவில். அப்பாவிடம் டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான், மூளை சொல்வது கைக்குப் போய்ச் சேர நேரமாகிறது பெரியவரே என்று. அன்றைக்கு அவளுக்கு அது புரியவில்லை. இப்போது அது கண்முன்னால் நடக்கிறது, பெரிய டிவியில், கலரில். "இன்னும் முடியலையா உன் ஆட்டம்?" என்று பாண்டியராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். "டீ போடவா?" என்று எழுந்தாள், முட்டி நிமிராமல் கொஞ்சம் தள்ளாடியது, அதுவும் ஒரு அறிகுறியா, இல்லை, இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததால். டீ போட்டுக் கொண்டுவந்து டம்ளரை அவர் பக்கத்தில் தரையில் வைத்தாள். "ஏன் கீழ வைக்கிற, கையில குடேன்" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். எடுத்துக் கொடுத்தாள். டீயின் மேல் ஒரு சின்ன வட்டம் ஓடி விளிம்பில் மோதிக் கலைந்தது. மின்விசிறிக் காற்றாலும் அப்படி ஓடும். அவர் வாங்கிக் குடித்தார். "சீனி கம்மி" என்றார்.

இதுதான் கடைசி, என்று மறுபடி உட்கார்ந்தாள். இதற்கு முன்னும் கடைசி என்று சொல்லியிருந்தாள், ஆனால் அப்போதெல்லாம் வெயில் இருந்தது. இப்போது கீழ்வீட்டில் விளக்கேற்றி மணி அடித்துவிட்டார்கள், சார் இனிமேல் எந்த நேரமும் கூப்பிடுவார். மூட்டைக்காரன் நன்றாக ஓடினான், அவ்வளவு நன்றாக அவன் இந்த ஒரு மாதத்தில் ஓடினதே இல்லை, குகையில் ஒரு சொட்டுக்கூட மேலே படவில்லை, அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது, தாண்டிவிடுவேன் போலிருக்கிறதே. கறுப்பு வானம். முதல் பலகை. விரலே, உனக்குத் தெரியும், நீ எத்தனை தடவை செய்திருக்கிறாய், ஈரத்தோடு, அவசரத்தில், அம்மா கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உட்காராமல் நின்றுகொண்டே. ஒண்ணு, முதல் பறவை மேலே போனது. ரெண்டு. பின்னால் பலகைகள் ஒவ்வொன்றாக விழுந்தன, அவள் மூச்சைப் பிடித்திருந்தாள், விடு, மூன்றாவது பறவை சிறகை மடித்தது, அவள் அழுத்தினாள். அவன் எழும்பத்தான் செய்தான். பறவையின் முதுகுக்கு மேலே எழும்ப இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அதற்குள் அது அவன்மேல் வந்துவிட்டது. கையைக் காலைப் பரப்பிக்கொண்டு கீழே போகிறவனை அவள் கடைசிவரை பார்த்தாள். ஆட்டம் முடிந்தது என்று அந்தத் தெரியாத எழுத்தில் ஒரு வரி வந்தது. அதை மட்டும் படிக்கத் தெரியாமலே எல்லாருக்கும் தெரியும்.

அவரே கூப்பிடட்டும் என்று இருந்தால் அந்தக் காத்திருப்பு இன்னும் மோசம், அவளே கூப்பிட்டாள். வராந்தாவுக்குப் போய்க் கொடியில் கிடந்த துணியைத் தொட்டுக்கொண்டே நின்றாள். "சொல்லும்மா திலகா" என்றார் ஞானதுரை சார், பின்னால் ஏதோ கல்யாண வீட்டுச் சத்தம். "சார், குழந்தைங்க வார்டுக்கு... என்னால முடியாது சார்." "ஏம்மா, என்ன ஆச்சு?" கை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கண்ணு சார். கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுது. ரத்தம் எடுக்கிறதையே கொஞ்ச நாளைக்கு விட்டுடலாம்னு பாக்குறேன். கவுண்டர்ல உக்காந்துக்கிறேன், பில்லு போடுறேன்." அவர் வற்புறுத்துவார், திட்டுவார், உன்னை விட்டால் யார் என்று மறுபடி ஒரு தடவை சொல்வார் என்று அவள் மனசின் ஒரு மூலை கையேந்தி நின்றுகொண்டிருந்தது. "அப்பிடியா? கண்ணாடி மாத்திப் பாருங்கம்மா. சரி, ஒண்ணும் பிரச்சனை இல்ல, ரெஜினாவை அனுப்பிடுறேன், அந்தப் பொண்ணும் இப்ப நல்லாப் பண்ணுது. கவுண்டருக்கும் ஆள் கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு துண்டு, ஒரு சட்டை, ஒரு பாவாடை, எல்லாம் காய்ந்திருந்தன, ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டாள். இத்தனை வருஷம் அவள் தாண்டிக் கொடுத்த பாலமெல்லாம் இவ்வளவு லேசாக இன்னொரு கைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, ரெஜினாவை நினைத்துக் கோபம்கூட வரவில்லை, அவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே இந்தக் கைதான். அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. உள்ளே வந்தபோது பாண்டியராஜ் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், மூட்டைக்காரன் பச்சைத் தரையில் இடது பக்கச் சுவரில் போய் முட்டி முட்டி நின்றுகொண்டிருந்தான். "இவன் எங்கடி போறான், நான் ஒண்ணு சொன்னா இவன் ஒண்ணு பண்றான்" என்றார். "அந்தப் பக்கம் இல்லங்க, வலது பக்கம். குதிக்கிறதுக்கு இந்தப் பட்டன்" என்று துணியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முதல் பள்ளத்திலேயே நேராக நடந்து போய் விழுந்தார், உடனே மறுபடி முளைத்து நின்றவனைப் பார்த்து, "அட, சாகமாட்டேங்குறான்" என்றார், மறுபடி விழுந்தார், மறுபடி. அவள் துணியை மடித்துக்கொண்டே பார்த்திருந்தாள். நாளைக்குக் கவுண்டரில் உட்கார நல்ல புடவையாகக் கட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்து, நிற்காமல் போனது.

இப்போதும் திலகவதி கவுண்டரில்தான் இருக்கிறாள், டாக்டரிடம் போகவில்லை, கண்ணாடி மட்டும் மாற்றியிருக்கிறாள் என்று ரெஜினா சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை, அந்த மாதிரிப் பெட்டிகளைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன், பழுது பார்க்கிற ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நான் தெரிந்துகொண்டது அவள் கையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நம் ஊர்களுக்கு வந்த டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் நொடிக்கு ஐம்பது படம் ஓட்டியவை. ஆட்டத்துக்குள் எல்லாம் அந்தப் படக் கணக்கில்தான் நகரும். இப்போது விற்கிற குட்டிப் பெட்டிகள் அதே ஆட்டங்களை நொடிக்கு அறுபது படமாக ஓட்டுகின்றன, ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடுதலாக. அவள் விரலுக்குப் பழகிய நேரத்துக்கு முன்பே மூன்றாவது பறவை இறங்கிவிடும்.